192 அடி கோபுரம், 192 பிக்சல் திரை

போன தீபாவளிக்கு வீட்டை ஒதுங்க வைக்கும்போது பரண்ல இருந்து ஒரு பழைய பிஸ்கட் டப்பா கிடைச்சது. உள்ளே என்னோட நிண்டெண்டோ டிஎஸ் லைட். 2015-ல, நான் ஆறாவது படிக்கும்போது, சிங்கப்பூர்ல வேலை பார்த்த பெரியப்பா மகன் ராஜபாளையம் வந்தப்ப கொடுத்தது. அதுல சொருகியிருந்த ஒரே ஒரு கார்டுல நாற்பது கேமுக்கு மேல இருந்தது. "ஒரு கார்டுல எப்படிண்ணே இத்தனை?"ன்னு கேட்டேன். "அதெல்லாம் அப்படித்தான், விளையாடு"ன்னுட்டார்.

சார்ஜ் போட்டேன். பேட்டரி சுத்தமா இறங்கிப் போயிருந்ததால தேதி, நேரம் கேட்டுச்சு. இன்னைய தேதியைப் போட்டேன். மெஷின் ஆன் ஆச்சு, ஆனா கார்டோட மெனு வரவே இல்லை. கார்டு செத்துடுச்சுன்னுதான் முதல்ல நினைச்சேன். ரெண்டு நாள் தேடிப் படிச்ச பிறகுதான் விஷயம் புரிஞ்சது. இந்த மாதிரி நகல் கார்டுகள் சிலதுல, ஒரு குறிப்பிட்ட தேதிக்கு மேல ஓடக்கூடாதுன்னு மென்பொருள்லயே எழுதி வெச்சிருக்காங்க. பழசு நின்னாத்தானே புதுசு வாங்குவோம்! மெஷினோட தேதியை 2015-க்குத் திருப்பினேன். மெனு உடனே வந்துடுச்சு.

கோபம் வந்தது, சிரிப்பும் வந்தது. காசு கொடுத்து வாங்கின பொருள் எப்போ சாகணும்னு வேற யாரோ முடிவு பண்ணியிருக்காங்க. அப்போதான் நாற்பது கேமையும் விட்டுட்டு கார்டு மேலயே எனக்கு ஆர்வம் வந்துச்சு. நாலு மாசம் அதோட மல்லுக்கட்டினதுல கத்துக்கிட்டதைத்தான் இங்கே எழுதுறேன்.

கேசட்டுக்குள்ள என்ன இருக்கு?

நம்ம வீடுகள்ல டிவி கேம் இருந்த காலத்துல "9999 இன் 1"ன்னு கேசட் வரும். உண்மையில உள்ளே இருக்கிறது சில கேம்தான். அதே கேம் வேற பேர்ல, வேற லெவல்ல இருந்து திரும்பத் திரும்ப வரும். அந்த கேசட்டுக்குள்ள இருக்கிறது ரோம் சிப். ஃபேக்டரில ஒரு தடவை பதிஞ்சா பதிஞ்சதுதான், நாம மாத்தி எழுத முடியாது.

ஃப்ளாஷ் கார்ட்ரிட்ஜ்னா, அந்த ரோம் இருக்க வேண்டிய இடத்துல திரும்பத் திரும்ப எழுதக்கூடிய ஃப்ளாஷ் மெமரி இருக்கும். ஐடியா இவ்வளவுதான். ஆனா மெஷினைப் பொறுத்து வேலை மாறும்.

2001-ல வந்த கேம்பாய் அட்வான்ஸ்ல இது சுலபம். அதோட ப்ராசஸருக்கு கேசட்டும் மெமரியோட ஒரு பகுதி மாதிரிதான். ஹெக்ஸ்ல 08000000-ங்கிற முகவரியில இருந்து 32 எம்பி வரைக்கும் கேசட்டுக்கு ஒதுக்கியிருப்பாங்க. அந்த முகவரியைப் படிச்சா கேசட்ல இருக்கிற பைட் நேரா வரும். அதனால ரோமை எடுத்துட்டு நார் ஃப்ளாஷ் சிப்பை வெச்சா, மெஷினுக்கு வித்தியாசமே தெரியாது.

2004 கடைசியில வந்த டிஎஸ்ல அப்படி முடியாது. அதோட சின்ன கார்டு மெமரி மாதிரி நடந்துக்காது. மெஷின் ஒரு கட்டளை அனுப்பும், கார்டு பதில் அனுப்பும். ஆரம்பத்துல நடக்கிற பேச்சுவார்த்தை என்க்ரிப்ட் ஆகியிருக்கும். சரியான பதில் வரலைன்னா கதவு திறக்காது.

ஆர்வக்காரங்க முதல்ல கண்டுபிடிச்ச வழி பாஸ்மீங்கிற கருவி. கடையில வாங்கின உண்மையான கேம் கார்டை அது மேல சொருகுவாங்க. கார்டு வாசல்ல ஐடி கார்டு காட்டும், செக்யூரிட்டி உள்ளே விடுவார். விட்ட உடனே பாஸ்மீ நடுவுல புகுந்து, "புரோகிராம் இங்கே இல்லை, கீழே இருக்கிற கேம்பாய் கேசட்ல இருக்கு, அங்கே போ"ன்னு திருப்பி விடும். அடுத்து வந்த கார்டுகள் அந்த ஐடி கார்டு வேலையையும் தாங்களே செஞ்சுக்கிட்டன. 2007 வாக்குல பரவின ஆர்4 அந்த ரகம்தான். பார்க்க அசல் கேம் கார்டு அளவுதான் இருக்கும், முதுகுல ஒரு மைக்ரோ எஸ்டி ஓட்டை. கேட்கிற கேள்விக்குச் சரியா பதில் சொல்லி உள்ளே நுழைஞ்சு, எஸ்டி கார்டுல இருக்கிற தன்னோட மெனுவை ஓட்டும். என் அண்ணன் கொடுத்தது அதோட எண்ணற்ற நகல்கள்ல ஒண்ணு.

ஹோம்ப்ரூ

கதவு திறந்த பிறகு உள்ளே எதைக் கொண்டுபோறோம்ங்கிறதுதான் கேள்வி. நாற்பது கேமைக் காப்பி அடிச்சுக் கொண்டுபோகலாம். நாமளே எழுதின புரோகிராமையும் கொண்டுபோகலாம். ரெண்டாவதுக்குத்தான் ஹோம்ப்ரூன்னு பேர், அதாவது வீட்டுலயே காய்ச்சினது. டிஎஸ்சுக்கு அதிகாரபூர்வமா கேம் எழுத நிண்டெண்டோகிட்ட அனுமதியும் அவங்களோட டெவலப்மென்ட் கிட்டும் வேணும். காலேஜ் பசங்களுக்கு அது எட்டாக்கனி. அதனால ஆர்வக்காரங்க சேர்ந்து தங்களுக்கான கருவிகளைத் தாங்களே எழுதிக்கிட்டாங்க. டெவ்கிட்ஏஆர்எம்-ங்கிறது கம்பைலர் தொகுப்பு, லிப்என்டிஎஸ்-ங்கிறது லைப்ரரி. ரெண்டும் இலவசம்.

இதுல எனக்கு ரொம்பப் பிடிச்ச வேலை டிஎல்டிஐ. ஒவ்வொரு கம்பெனி கார்டும் எஸ்டி கார்டை ஒவ்வொரு விதமாப் படிக்கும். அப்போ நான் எழுதின புரோகிராம் உங்க கார்டுல ஓடாது. இதுக்கு சிஷ்ம்-ங்கிற பேர்ல எழுதின ஒரு டெவலப்பர் வழி கண்டுபிடிச்சார். புரோகிராமுக்குள்ள டிரைவருக்குன்னு ஒரு காலி இடம் விட்டு வெச்சிடணும். எந்தக் கார்டுல போடுறோமோ அந்தக் கார்டோட டிரைவரை அந்த இடத்துல ஒட்டிக்கலாம். திரும்பக் கம்பைல் பண்ணவே வேண்டாம். ஆப்பரேட்டிங் சிஸ்டம் பேப்பர்ல டிரைவர் அப்ஸ்ட்ராக்‌ஷன்னு ஒரு பக்கம் மனப்பாடம் பண்ணியிருந்தேன். அதோட அர்த்தம் புரிஞ்சது இங்கேதான்.

ஹோம்ப்ரூ வெறும் பொழுதுபோக்கும் இல்லை. ஜென்ஸ் ஆண்டர்சன் 2007-ல டிஎஸ்சுக்காக கலர்ஸ்னு ஒரு ஓவியம் வரையுற புரோகிராம் எழுதினார். ஃப்ளாஷ் கார்டு இருந்தாத்தான் அதை ஓட்ட முடியும். 2012-ல அதே புரோகிராம் முப்பரிமாண வடிவத்துல, நிண்டெண்டோவோட 3டிஎஸ் கடையிலயே அதிகாரபூர்வமா விற்பனைக்கு வந்துச்சு. பின்வாசல்ல நுழைஞ்சவரை முன்வாசல்ல கூப்பிட்டு உட்கார வெச்ச கதை.

சரி, இது சட்டப்படி தப்பா?

இதைச் சொல்லாம விட்டா கட்டுரை நேர்மையா இருக்காது. நான் வக்கீல் இல்லை, ஆனா சட்டத்தைப் படிச்சுப் பார்த்தேன்.

2009 பிப்ரவரியில டோக்கியோ மாவட்ட நீதிமன்றம் ஆர்4 மாதிரி கார்டுகளை இறக்குமதி செய்யவும் விக்கவும் தடை போட்டது. 2010 ஜூலையில இங்கிலாந்து உயர் நீதிமன்றமும் விக்கிறது சட்டவிரோதம்னு சொல்லிடுச்சு. "இதுல ஹோம்ப்ரூவும் ஓட்டலாமே"ன்னு வித்தவங்க தரப்புல வாதாடினாங்க. நல்ல காரியத்துக்கும் பயன்படுங்கிறது மட்டும் போதாதுன்னு நீதிபதி தள்ளிட்டார்.

நம்ம நாட்டுல 1957-ம் வருஷத்துப் பதிப்புரிமைச் சட்டம்தான். அதோட 52-வது பிரிவு சில விஷயங்களை அனுமதிக்குது. முறையா வாங்கின புரோகிராமுக்கு பேக்கப் எடுக்கலாம். அது எப்படி வேலை செய்யுதுன்னு ஆராய்ஞ்சு பார்க்கலாம். லாப நோக்கம் இல்லாம சொந்த உபயோகத்துக்கு நகல் எடுக்கலாம். 2012-ல திருத்தம் வந்து 65ஏ பிரிவு சேர்ந்தது. உரிமையை மீறுற நோக்கத்தோட பாதுகாப்புப் பூட்டை உடைச்சா ரெண்டு வருஷம் வரை சிறை, அபராதமும் உண்டு. கவனிங்க, நம்ம சட்டம் "நோக்கம்"னு கேட்குது. சட்டம் தடுக்காத வேறொரு காரியத்துக்காகச் செஞ்சா அந்தப் பிரிவு பாயாதுன்னு அதுலயே விதிவிலக்கும் இருக்கு. ஆனா 63பி பிரிவுப்படி, திருட்டு நகல்னு தெரிஞ்சே ஒரு புரோகிராமை கம்ப்யூட்டர்ல ஓட்டுறதும் குற்றம்தான்.

ஆக, ஆறாவது படிக்கிறப்ப நான் விளையாடின நாற்பது கேமும் தப்புப் பக்கம். அப்போ தெரியாது, இப்போ தெரியும். எஸ்டி கார்டை ஃபார்மட் பண்ணிட்டேன். பழைய சேவ் ஃபைல் போச்சேன்னு ஒரு நிமிஷம் கஷ்டமாத்தான் இருந்தது. தேதி பார்த்து நிக்கிற அந்த மெனுவுக்குப் பதிலா, ஆர்வக்காரங்க இலவசமா எழுதின வேற மெனுவைப் போட்டேன். இப்போ கார்டுல ஒண்ணுமே இல்லை. நானே ஏதாவது எழுதினாத்தான் உண்டு.

ராஜபாளையம் டூ ஸ்ரீவில்லிபுத்தூர்

என்ன எழுதலாம்னு யோசிச்சேன். தினமும் பார்க்கிறது பஸ்தான். ராஜபாளையத்துல இருந்து ஸ்ரீவில்லிபுத்தூர் சுமார் 11 கிலோமீட்டர். கீழ்த் திரையில ரோடு, பஸ், வழியில பால்கோவா டப்பா பொறுக்கணும். மேல் திரையில ஆண்டாள் கோயில் கோபுரம் நெருங்க நெருங்கப் பெருசாகணும். அவ்வளவுதான் கேம்.

கோபுரம் வரைய உட்கார்ந்தப்பதான் ஒண்ணு கவனிச்சேன். டிஎஸ்ஸோட ஒவ்வொரு திரையும் 256-க்கு 192 பிக்சல். நம்ம கோபுரத்தோட உயரம் 192 அடின்னு சொல்வாங்க. ஓர் அடிக்கு ஒரு பிக்சல்! 11 நிலையும் தரையில இருந்து கலசம் வரை அச்சாப் பொருந்திடுச்சு. மேலே வானத்துக்குத்தான் இடமே இல்லை.

கோபுரம் ஒரே ராத்திரியில முடிஞ்சது. பஸ்ஸோட போர்டுல ஊர் பேரைத் தமிழ்ல எழுத மூணு வாரம் ஆச்சு.

ஏன்னா இந்த மெஷின்ல தமிழ் ஃபான்ட் கிடையாது. போன்ல தமிழ் தெரியுதுன்னா, எழுத்துகளைச் சேர்த்து அடுக்கித் தர்ற ஒரு பெரிய மென்பொருள் பின்னாடி இருக்கு. இங்கே இருக்கிறது 67 மெகாஹெர்ட்ஸ்ல ஒரு ஏஆர்எம்9, கூடவே 33 மெகாஹெர்ட்ஸ்ல ஒரு ஏஆர்எம்7, 4 எம்பி ராம். உங்க போன்ல 4 ஜிபி ராம் இருந்தா அது இதைப்போல ஆயிரம் மடங்கு. இங்கிலீஷ் எழுத்துன்னா 8-க்கு 8 பிக்சல் கட்டத்துக்குள்ள உட்கார்ந்துடும், வரிக்கு 32 எழுத்து. ணூ-வை அந்தக் கட்டத்துக்குள்ள திணிச்சுப் பாருங்க!

யூனிகோட் எப்படி வேலை செய்யுதுன்னு அப்போதான் உண்மையிலேயே புரிஞ்சது. "ராஜபாளையம்"ங்கிறது கண்ணுக்கு ஆறு எழுத்து, மெமரில பத்து குறியீடு. அதுல "ளை" வரும்போது மெமரில முதல்ல ள, அப்புறம்தான் ஐகாரக் குறி. திரையில அது தலைகீழ். குறி முன்னாடி, ள பின்னாடி. "கொ" இன்னும் மோசம், ஒரே குறியீடு எழுத்துக்கு ரெண்டு பக்கமும் பிரிஞ்சு நிக்கும். "ஸ்ரீவில்லிபுத்தூர்" எட்டு எழுத்து, ஆனா 18 குறியீடு. யூடிஎஃப்-8-ல குறியீட்டுக்கு மூணு பைட், மொத்தம் 54 பைட். சோதிக்கிறதுக்கு இதை விடக் கஷ்டமான ஊர் பேர் எனக்கு வாய்ச்சிருக்காது.

நான் எல்கேஜியில இருந்து இங்கிலீஷ் மீடியம். தமிழ்ல படிப்பேன், கொஞ்சம் மெதுவா. அதனால ஒரு முட்டாள்தனம் பண்ணினேன். உகரத்துக்கும் ஊகாரத்துக்கும் ஆளுக்கொரு குறி வரைஞ்சு எல்லா எழுத்துக்கும் அதையே ஒட்டிட்டேன். பெருமையா தாத்தாகிட்ட காட்டினேன். தாத்தா மில் வேலையில இருந்து ரிட்டையர் ஆனவர், தினமும் பேப்பரை ஒரு வரி விடாம படிப்பார். கண்ணாடியைப் போட்டுக்கிட்டு உத்துப் பார்த்தார்.

"என்னய்யா இது, பு-வுக்கும் தூ-வுக்கும் ஒரே மாதிரி வாலை ஒட்டி வெச்சிருக்க?"

அன்னிக்கு சாயங்காலம் தாத்தா ஒரு கட்டம் போட்ட நோட்டை எடுத்து கு, ஙு, சு, ஞு, டு, ணுன்னு 18-ம் வரிசையா எழுதிக் காட்டினார். எல்லாத்துக்கும் வால் ஒரே மாதிரி இல்லை. இருபத்தோரு வயசுல அதை நான் முதல் தடவையா கவனிச்சேன்.

அதுக்கப்புறம் கணக்கு சுலபம். உயிர் 12, ஆய்தம் 1. பதினெட்டு மெய்க்கும் புள்ளி வெச்சது, அகரம், இகரம், ஈகாரம், உகரம், ஊகாரம்னு ஆறு வடிவம், மொத்தம் 108. அப்புறம் தனியா நிக்கிற கால், ஒற்றைக் கொம்பு, இரட்டைக் கொம்பு, ஐகாரக் குறி, ஔகாரத்துல பின்னாடி வர்ற ள மாதிரி குறின்னு 5. மொத்தம் 126 படம். இதை வெச்சே 247 எழுத்தையும் எழுதிடலாம். ஜ, ஷ, ஸ, ஹ, க்ஷ வடிவங்களும் ஸ்ரீயும் சேர்த்து 149. ஒரு படம் 24-க்கு 16 பிக்சல், பிக்சலுக்கு ஒரு பிட், அதாவது 48 பைட். எல்லாம் சேர்ந்து 7 கேபிதான்!

இந்த வேலை பண்ணும்போது இன்னொண்ணும் தெரிஞ்சது. 1999 பிப்ரவரியில சென்னையில நடந்த தமிழ்நெட் 99 மாநாட்டுல இருந்து டாம், டாப்னு ரெண்டு குறியீட்டு முறை வந்தது. அதுல எழுத்து வடிவங்களை திரையில தெரியுற வரிசையிலேயே சேமிப்பாங்க. முன்னே பின்னே மாத்த வேண்டிய அவசியமே இல்லை. யூனிகோட் வந்த பிறகு அதெல்லாம் பழசாயிடுச்சு, 2010-ல தமிழ்நாடு அரசும் யூனிகோடைத்தான் தரமா ஏத்துக்கிச்சு. ஆனா இந்த மாதிரி சின்ன மெஷினுக்கு அந்தப் பழைய யோசனை கச்சிதம். என் கம்ப்யூட்டர்ல யூனிகோட்ல எழுதி, ஒரு சின்ன பைத்தான் ஸ்கிரிப்ட் மூலமா படங்களோட வரிசையா மாத்தி, அதை மட்டும் டிஎஸ்சுக்கு அனுப்பினேன்.

எமுலேட்டர்ல சரி, கையில தப்பு

மெலன்டிஎஸ் எமுலேட்டர்ல எல்லாம் அழகா ஓடுச்சு. எஸ்டி கார்டுல ஏத்தி உண்மையான மெஷின்ல போட்டா, ரோடு சரி, பஸ் சரி, போர்டுல எழுத்து மட்டும் துண்டு துண்டா. 16 பிக்சல் அகலத்துக்கு வெட்டி எடுத்த மாதிரி ஓட்டைகள்.

ரெண்டு நாள் ஃபான்ட் மேல சந்தேகப்பட்டேன். தப்பு அங்கே இல்லை, கேஷ் மெமரில. நம்ம பாஷையில சொன்னா, ப்ராசஸர் எழுதுறது முதல்ல அப்சர்வேஷன் நோட்டுல. அப்புறம்தான் ரெக்கார்டுக்கு ஏறும். திரைக்குக் கொண்டுபோற டிஎம்ஏ, ரெக்கார்டு நோட்டை மட்டும் தூக்கிட்டு ஓடிடும். கடைசியா எழுதினது அப்சர்வேஷன்லயே தங்கிடும். ரோடு, பஸ் முதல்ல வரைஞ்சதால ரெக்கார்டுக்குப் போயிடுச்சு. போர்டு கடைசி. ஏஆர்எம்9-ல கேஷோட ஒரு வரி 32 பைட், ஒரு பிக்சல் 2 பைட், வகுத்தா 16 பிக்சல். ஓட்டையோட அகலமே தப்பு எங்கேன்னு சொல்லியிருக்கு! டிஎம்ஏவைக் கூப்பிடுறதுக்கு முன்னாடி கேஷைக் காலி பண்ணுன்னு ஒரே ஒரு வரி சேர்த்தேன், தீர்ந்துச்சு.

நான் ஓட்டின எமுலேட்டர் கேஷை அப்படியே நடிச்சுக் காட்டலை, அதனால அங்கே தப்பு தெரியலை. எமுலேட்டர் மட்டும் போதாதா, கார்டு எதுக்குன்னு கேட்கிறவங்களுக்கு என் பதில் இதுதான்.

நீங்க ஆரம்பிக்கணும்னா

* காசு செலவு பண்ண வேண்டாம். டெவ்கிட்ஏஆர்எம் இறக்குங்க, கூட வர்ற உதாரண புரோகிராம்களை எமுலேட்டர்ல ஓட்டுங்க. கேம்பாய் அட்வான்ஸ்னா எம்ஜிபிஏ, டிஎஸ்னா மெலன்டிஎஸ்.
* முதல்ல ஒரு புள்ளி, அப்புறம் ஒரு கட்டம், அப்புறம் பட்டன் அழுத்தினா கட்டம் நகரணும். கேமெல்லாம் அதுக்கப்புறம்.
* சொந்தக்காரங்க வீட்டுப் பரண்ல பாருங்க. பழைய பிஎஸ்பி கிடைச்சாலும் நல்லது. அதுக்கு கார்ட்ரிட்ஜே வேண்டாம், ஹோம்ப்ரூ மெமரி ஸ்டிக்லயே ஓடும். ஆனா அதுல இருக்கிற சிஸ்டம் பதிப்பைப் பார்த்துட்டு இறங்குங்க.
* அடுத்தவங்க கேமை இறக்குற வேலை வேண்டாம். அது இல்லாமலே பண்றதுக்கு நிறைய இருக்கு.

போன மாசம் ஒரு ஞாயித்துக்கிழமை தாத்தாவும் நானும் உண்மையிலேயே ஸ்ரீவில்லிபுத்தூர் பஸ்ல போனோம். ஜன்னல் சீட்டுல அவர் கையில டிஎஸ். ஸ்டைலஸ் பிடிக்கத் தெரியாம விரலாலேயே பஸ்ஸை ஓட்டினார். நாலு பால்கோவா டப்பாவைத் தவற விட்டார். கோபுரம் கண்ணுக்குத் தெரிஞ்சதும் திரையை ஒரு தடவை, வெளியே ஒரு தடவை பார்த்தார்.

"எழுத்து இப்போ சரியா இருக்குய்யா. கோபுரத்துக்கு மேல கொஞ்சம் வானம் விடு"ன்னார்.

அடுத்த வெர்ஷன்ல விடணும். கோபுரத்தை எங்கே சுருக்குறதுன்னுதான் தெரியலை. யோசனை இருந்தா லேப்ல வந்து சொல்லுங்க. சோர்ஸ் கோடு என்கிட்ட இருக்கு, பென் டிரைவ் எடுத்துட்டு வந்தா தர்றேன்.